வளையா, சாய்வா

என் வீட்டுக்காரருக்கு வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. "வளை."

பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை, வருவேனா மாட்டேனா என்று போக்குக் காட்டியது. பேச்சு போனது போனதுதான், இந்த ஒரு வார்த்தையைத் தவிர. பசிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் டம்ளரைத் தட்டுவார். ஆனால் யாரும் எதுவும் கேட்காத நேரத்தில், நான் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருக்கும்போது, கட்டிலிலிருந்து தெளிவாக ஒரு குரல் வரும். "வளை." திரும்பிப் பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் நல்ல மனுஷர். "சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்மா. மூளை அதையே சொல்லிட்டிருக்கும். அர்த்தம் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நன்றாக இருந்த காலத்திலேயே அர்த்தமில்லாமல் ஒரு வார்த்தை பேசாத ஆள், இப்போது மட்டும் சும்மா பேசுவாரா?

அவர் பம்பு பட்டறையில் ஃபிட்டர். ஊரில் அவரை ஃபிட்டர் என்றே கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் எனக்கும்தான் தெரியும். ஓடுகிற பம்பின் மேல் ஸ்பானரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு "பேரிங் போச்சு" என்பார், அல்லது "ஒண்ணுமில்ல, ஓடும்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவர் ஓடும் என்று சொன்ன பம்பு ஓடாமல் போனதில்லை என்று பட்டறையில் சொல்வார்கள். என் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி அவர் எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை.

பம்பு பட்டறைக்கு நேர் எதிரே லாரி பட்டறை. தெருமுனையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு காலி இடம். வார விடுமுறையன்று இரண்டு பட்டறை ஆட்களும் அங்கே கூடி வளை ஆடுவார்கள். தரையில் ஒரு இரும்புக் குச்சி அடித்திருக்கும். தேய்ந்துபோன பேரிங்குகளின் வெளி வளையங்களைத் தூரத்தில் நின்று அதன் மேல் வீச வேண்டும். ஆட்டத்துக்கும் பெயர் வளை, வீசுகிற இரும்புக்கும் பெயர் வளை. அது குச்சியைச் சுற்றி விழுந்துவிட்டால் அதுவும் வளை. வெளியே விழுந்து குச்சியின் மேல் சாய்ந்து நின்றால் சாய்வு, அதற்கு ஒன்றுமில்லை.

இதில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீச்சைத் தானே வளை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எதிர்க்கட்சித் தலைவர் கிட்டே போய், குனிந்து பார்த்து, அவர் வாயால் சொல்ல வேண்டும். அவர் "வளை" என்றால், வீசினவர் "எடுத்துக்கிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் புள்ளி. தோற்கப் போகிறவன் வாயிலிருந்து ஜெயிக்கிறவனுக்குக் கிடைக்கிற வார்த்தை அது. ஆம்பளைங்க விளையாட்டில் இப்படி ஒரு மரியாதையா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அந்தக் காலி இடத்துப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை.

என் மகள்தான் அங்கேயே கிடந்தாள். ஒரே பிள்ளை, அப்பா செல்லம். அவளுக்கு யாரும் ஆடக் கற்றுத் தரவில்லை. வேடிக்கை பார்த்துப் பார்த்து அவளாகவே ஒரு நாள் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவும் மகளும் ஒரே சண்டை.

"அது வளைதான்பா, பாதி உள்ள இருந்துச்சு."

"பாதி வளைன்னு ஒண்ணு கிடையாது. சாய்ஞ்சா சாய்வு."

"பெத்த பொண்ணுக்கு ஒண்ணு விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சிடும்?"

"அப்புறம் நான் வளைன்னு சொன்னா எவன் நம்புவான்?"

வளைந்து கொடுக்கத் தெரியாத மனுஷர். அவளும் அதே மரத்துக் கட்டை. நடுவில் மாட்டிக்கொண்டு சோறு போட்டவள் நான்.

ஐடிஐ முடித்து லேத் வேலை கற்றுக்கொண்டு வந்தவளை பம்பு பட்டறை முதலாளி உடனே சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். இவர்தான் வேண்டாம் என்றார். அப்பனும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் பரிந்து பேசத் தோன்றுமாம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினாள், பட்டறைத் தெரு வரை கூடவே நடந்தாள், பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி லாரி பட்டறைக்குள் போய்விட்டாள். அங்கே வேலைக்குச் சேர்ந்ததையே அப்போதுதான் இவர் தெரிந்துகொண்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்ட தட்டில் பாதி அப்படியே இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பட்டறைக்கும் நடக்கிற போட்டி. இந்தப் பக்கம் தலைவர் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் கடைசி வீச்சு என் மகளுக்கு. அது விழுந்தால் லாரி பட்டறை ஜெயிக்கும், விழாவிட்டால் பம்பு பட்டறை. குச்சியின் அடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று வளையங்கள் குவிந்து கிடந்தன. இவளுடையது போய் அந்தக் குவியலின் மேல் சரிந்து உட்கார்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை.

இவர் போனார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எல்லோருமே சொன்னார்கள். பிறகு "சாய்வு" என்றார். சொல்லிக்கொண்டே அந்த வளையத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

வீசினவர் வந்து பார்க்கும் வரை வளையத்தைத் தொடக் கூடாது. அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் சொன்னது ஃபிட்டர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாளாம்.

"ஏம்பா எடுத்தீங்க?"

"சாய்வுன்னு சொன்னேன்ல."

"அது கேட்கல. ஏன் எடுத்தீங்க?"

அவர் திரும்பி நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டேன், அதட்டியும் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். சொட்டுகிற குழாயைப் போய் ஸ்பானரால் இறுக்கிக்கொண்டு நின்றார். அந்த வளையத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். கருவிப் பையின் அடியில் ஒளித்தும் வைத்திருந்தார். நான் அதைக் கண்டுபிடித்து, சூடான பாத்திரம் இறக்கி வைக்க நல்ல பிரிமணை ஆயிற்று என்று சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மகள் உற்றுப் பார்ப்பாள்.

மகள் அந்த மாதமே வேறு ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் லேத் வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் போன் செய்வாள், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. பேச்சில் அப்பா என்ற சொல் வராது. "அவரு சாப்பிடுறாரா?" என்பாள். ஒரு இரும்பு வளையத்துக்காகவா குடும்பம் இரண்டாகும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு உடம்புக்கு வந்தபோது ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் அவர் கண் மூடிக் கிடந்த நாளெல்லாம் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் திறக்கப்போகிறார் என்று நர்ஸ் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்கடி போற?"

"என் மூஞ்சியைப் பார்த்து மறுபடியும் படுத்துக்கப் போறாரும்மா. அவரு வாயால வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த பஸ்ல வர்றேன்."

அவளுக்கு அப்போது தெரியாது, அவருக்கு இனிமேல் ஒரே வார்த்தைதான் என்று. அது "வா" இல்லை என்றும் தெரியாது. சொன்னால் வரவே மாட்டாளோ என்று பிறகு நானும் போனில் மறைத்தேன். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்: இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டும். அதனால் அவருக்கு "வா" சொல்லப் பழக்கினேன். முதல் எழுத்து ஒன்றுதானே, கொஞ்சம் நீட்டினால் போதுமே என்று ஒரு நப்பாசை.

"எங்க, சொல்லுங்க. வா."

உதட்டைக் குவித்து, நெற்றி நரம்பு புடைக்க, "வ... வ..." என்பார்.

"அவ்வளவுதான், வா..."

"வளை."

நான் கோபத்தில் கரண்டியை எறிந்த நாளும் உண்டு. எறிந்துவிட்டு அழுததும் உண்டு.

சரி, வளை என்றால் என்ன என்றாவது பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். வளை என்றால் வளையல். மிஷினில் இடிக்கிறது என்று நான் கையில் ஒன்றும் போடுவதில்லை. மொட்டைக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று கை நிறைய மாட்டிக்கொண்டு போய் எதிரில் நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எலி வளையாக இருக்குமோ என்று பாத்திர அலமாரியை நகர்த்தினால், நிஜமாகவே இரண்டு வளை இருந்தது. சிமெண்ட் வைத்து அடைத்தேன். எலித் தொல்லை ஒழிந்தது, வார்த்தை ஒழியவில்லை. அடுத்த தெருத் தச்சர், கூரையில் போடுகிற குறுக்குக் கட்டைக்கும் வளை என்று பெயர் உண்டு என்றார். ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்து, "கட்டை உங்களை விடத் திடமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் "முட்டியை வளைங்க" என்பாள். அவர் "வளை" என்று சொன்னதும், சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பழைய ஞாபகத்தில் விளையாடக் கேட்கிறாரோ என்று லாரி பட்டறை மேஸ்திரியை வைத்துத் தூக்கி அந்தக் காலி இடத்துக்கே கொண்டுபோனேன். மேஸ்திரி இடது கையில் ஒரு வளையத்தைக் கொடுத்தார். இவர் அதைக் கீழே போட்டுவிட்டு, குச்சியைக் கூடப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. "வளவளன்னு பேசறதை நிறுத்துன்னு உங்களைத்தான் சொல்றாருக்கா" என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "முதல் எழுத்தை முழுங்கிட்டாரோ என்னவோ. 'அவளை'ன்னு சொல்ல வந்து 'வளை'ன்னு விழுதோ? யாரு அந்த அவ?" என்று கண்ணடித்தாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளை! இந்த வீட்டில் இவருக்கு அவள் என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? அவளைக் கூப்பிடு, அவளை வரச் சொல், அவளைப் பார்க்கணும். வாசலுக்கும் கட்டிலுக்குமாக இரண்டு தடவை ஓடினேன். "அவளைன்னுதான் சொல்றீங்களா?" என்று கேட்டேன். "வளை" என்றார். அது எனக்குப் போதும்.

உடனே மகளுக்குப் போன் போட்டேன். தொழிற்சாலையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா உன்னைத்தாண்டி கூப்பிடுறாரு! அவளை, அவளைன்னு நாள் முழுக்க சொல்றாரு. முதல் எழுத்துதான் விழுந்துபோச்சு."

"என்னம்மா உளர்ற? சரியா என்ன சொல்றாரு?"

"வளைன்னு கேட்கும். ஆனா அது அவளை."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் குறைந்தது. தள்ளி வந்திருக்கிறாள்.

"அம்மா, போனை அவரு காதுல வை."

வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இவர் கண்ணை மூடினார், பம்பைக் கேட்கிறபோது மூடுவாரே அப்படி. பிறகு சொன்னார், நிதானமாக.

"வளை."

நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அது அவளை இல்லம்மா" என்றாள். "வளைதான்."

"அதான் தெரியுமே, வளைன்னா என்னடி?"

"டாக்டர் என்ன சொன்னாரு? அதுக்கு அர்த்தம் இருக்குன்னாரா?"

"இல்லைன்னுதான் சொன்னாரு."

"நான் வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், காலைக் கழுவினாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராகச் சமையலறைக்குள் போனாள். சோற்றுப் பானைக்கு அடியிலிருந்த அந்த வளையத்தை உருவி, கரியைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவர் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. அவர் வருஷக்கணக்கில் பார்க்காத மகள் இப்படியா வந்து நிற்பாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் தையல் முக்காலியைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள். கால்கள் மூன்றும் மேலே பார்த்து நின்றன. வளையத்தை ஒரு காலின் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தாள். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்னப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதறியது. மூச்சுக்கு மூச்சு சொல்கிற வார்த்தைதானே, இப்போது ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் என்ன? இருப்பதே அது ஒன்றுதானே!

"சொல்லுங்கப்பா. வளையா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டார்.

மகள் வளையத்தை எடுத்தாள். என் நூல் டப்பாவை முக்காலியின் காலோரமாக வைத்து, வளையத்தை அந்தக் காலில் மாட்டி, டப்பாவின் மேல் ஒரு பக்கம் ஏறி நிற்கும்படி சரித்து விட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் சாய்ந்திருப்பது போலத்தான் தெரியும். நானே கிட்டே போய்த்தான், கால் உள்ளே இருப்பதைப் பார்த்தேன்.

"இது?"

"வளை" என்றார்.

அவள் "அன்னிக்கி?" என்றாள். குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்க வலது கை எழவில்லை, இடது கையை அவளிடம் நீட்டிவிட்டார்.

"வளை."

நான் முட்டாள்தனமாக எத்தனை ஓட்டைகளை அடைத்தேன், எத்தனை வளையல் மாட்டினேன் என்று அப்போதுதான் உறைத்தது. மனுஷர் இத்தனை நாளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் சொல்லாமல் விட்ட சொல், அது யாருக்குச் சேர வேண்டுமோ அவள்தான் வீட்டில் இல்லை.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்றுகூட இருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

"எடுத்துக்கிட்டேன்பா" என்றாள்.

அவர் தலையணையில் அப்படியே சாய்ந்து மூச்சு விட்டார். அழுதால் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வார்கள் என்று குழம்பைப் பார்க்கக் கிளம்பினேன். சட்டியை இறக்கி வைக்க வேண்டுமே என்று போகிற போக்கில் முக்காலியிலிருந்த வளையத்தில் கை வைத்தேன்.

"அதைத் தொடாதம்மா" என்றாள் மகள். "அது என்னோடது."